வழிக்கருப்பு வாங்கி வைத்துக்கொண்ட ஃபாக் லைட்

எங்கள் மலைச் சாலையில் காட்டுமாடு குறுக்கே நின்றால் வண்டியை ஓரங்கட்டி அது போகும்வரை சும்மா இருப்பவர்கள் உண்டு, பொறுக்காமல் ஹாரன் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் வண்டியையும் நிறுத்தி, ஹாரனும் அடித்து, பிறகு ஐயோ பாவம் பயந்துவிட்டதோ என்று லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு அதைச் சமாதானப்படுத்தப் பார்த்த ஒரே மனிதர் என் வீட்டுக்காரர் குழந்தைவேலுதான். அந்த மாடு ஒரே முட்டில் பிக்கப்பின் முன்பக்கத்து பம்பரைச் சப்பையாக்கி, இரண்டு ஃபாக் லைட்டையும் தூள்தூளாக்கிவிட்டு, அவரைத் திரும்பியும் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அந்த லைட் உடைந்ததில் என் குடும்பமே இரண்டாகப் போகப் பார்த்தது. பாதித் தப்பு மாட்டினுடையது. மீதித் தப்பு யாருடையது என்று எங்கள் பட்டியாம்பாறையில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஒச்சம்மாள், பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம், வேலை மலையடிவாரத்தில் கீழ்ப்பள்ளம் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். இவர் என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் அம்மா கேரட் தோட்டம் எவ்வளவு, பூண்டு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, “எம் மக வேலைய விடமாட்டா, நீங்க குடியிருக்கறது மேகத்துக்குள்ள, தெனமும் எப்படி வந்து போவா?” என்று மட்டும்தான் கேட்டார். “காலையில காய் லோடோட கூட்டிட்டு வந்து எறக்கி விட்டுருவேன் அத்தை, சாயங்காலம் கூட்டிட்டுப் போயிருவேன். வண்டியில ஃபாக் லைட் இருக்குல்ல” என்றார் இவர். அம்மா வெளியே போய் பிக்கப்பைச் சுற்றி வந்து, குனிந்து அந்த லைட்டைப் பார்த்து, போடச் சொல்லிப் பார்த்து, அதற்கப்புறம்தான் தட்டை மாற்றினார். தாலிக்கு அடுத்தபடியாக எங்கள் கல்யாணத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த இரண்டு மஞ்சள் லைட்தான் என்று நான் சொன்னால் அதில் மிகை கிடையாது.

மலைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, சமவெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மேகம் சாலையில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்போது பெரிய லைட்டைப் போட்டால் அந்த வெள்ளை வெளிச்சம் மேகத்தில் மோதித் திரும்பி வந்து நம் கண்ணையே கூசவைக்கும், பம்பருக்கு அடியில் இருக்கிற மஞ்சள் லைட் மட்டும்தான் மேகத்துக்குக் கீழே நுழைந்து, ரோட்டைத் தடவிக்கொண்டே போய், ஓரத்துக் கல் எது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டிக் கொடுக்கும். சாயங்காலத்து பஸ்ஸும் அந்த மாதங்களில் ஓடாது. லைட் உடைந்த அன்றிலிருந்து இவர் மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டு மேகத்துக்கு முன்னால் மலையேறிவிட வேண்டியதாயிற்று, என் வேலை முடிய ஐந்து மணி ஆகும், ஆகவே நான் கீழே குவார்ட்டர்ஸில், அவர் மேலே வீட்டில். விடிந்தும் விடியாமல் லோடோடு இறங்கும்போது என் கேட் முன்னால் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவார். நான் எழுந்து கதவைத் திறப்பதற்குள் டெயில் லைட்தான் தெரியும்.

சரி, ஒரு ஃபாக் லைட் வாங்கி மாட்ட எத்தனை நாள் ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஷோரூமில் கேட்டால், அந்த மாடல் வண்டியையே கம்பெனி நிறுத்திவிட்டது, லைட் தனியாக வராது, பம்பரோடு சேர்த்துத்தான் வரும், பம்பர் எப்போது வரும் என்று பம்பருக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி ஒரு பதில். திண்டுக்கல்லில் ஒரு கடையில் இடது பக்கம் இருந்தது, வலது பக்கம் இல்லை. இன்னொரு கடையில் வலது பக்கம் இருந்தது, ஆனால் அது வேறு வண்டிக்கு வலது. மதுரையில் காயலான் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்து, கண்ணாடி நன்றாக இருந்தால் உள்ளே துரு, உள்ளே நன்றாக இருந்தால் கண்ணாடி இல்லை என்று வெறுங்கையோடு வந்தார். யாரோ சொன்னார்கள் என்று வெள்ளை எல்இடி ஒன்றை வாங்கி அதன்மேல் மஞ்சள் கண்ணாடிப் பேப்பரைச் சுற்றினார், அது பாதி வழியிலேயே இளகி வழிந்து பிளாஸ்டிக் நாற்றத்தோடு நின்றுபோனது. கடைசியில் வத்தலக்குண்டில் மெக்கானிக் அப்பாஸ் பாய் எங்கெங்கோ சொல்லிவைத்து ஒரு ஜோடி வரவழைத்துக் கச்சிதமாக மாட்டிக் கொடுத்துவிட்டார். “எரியுதா பாய்?” என்று போனில் கேட்டேன். “வயரெல்லாம் சரியா இருக்கும்மா, ஆனா உங்க வீட்டுக்காரர் இங்க போடவே விடமாட்டேங்கறாரு” என்றார் பாய்.

எப்படி விடுவார். எங்கள் சாலையில் நடு மலை வளைவில் வழிக்கருப்பு இருக்கிறார். கோயில் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, ஒரு கல், ஒரு அரிவாள், மேலே ஒரு தகரம். வண்டிக்குப் புதிதாக எதை வாங்கினாலும் அதை முதன்முதலாக அவர் முன்னால்தான் பயன்படுத்த வேண்டும் என்பது மலை டிரைவர்களின் வழக்கம். ஹாரன் மாற்றினால் முதல் ஹாரன் அவருக்கு, தார்ப்பாய் வாங்கினால் அவர் முன்னால் விரித்துக் காட்டிவிட்டுத்தான் மடிக்க வேண்டும், வைப்பர் மாற்றியவர்கள் வெயிலில் அவர் முன்னால் நின்று வெறும் கண்ணாடியைத் துடைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதுவரை அவர் எதையும் எடுத்து வைத்துக்கொண்டதில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்.

இவர் சுவிட்சைத் தொடாமல் மலையேறி, வளைவில் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் கொளுத்தி, கும்பிட்டு, ஃபாக் லைட்டைப் போட்டார். அழகான மஞ்சள் வெளிச்சம், முழங்கால் உயரத்தில் இரண்டு பட்டையாகக் கல்லின்மேல் விழுந்தது. திருநீறு பூசிக்கொண்டு வண்டியை எடுத்தார். வண்டி நகர்ந்தது, வெளிச்சம் நகரவில்லை.

பம்பரில் இருந்த லைட் கறுப்பாக இருந்தது, வளைவில் எதுவும் இல்லாத இடத்திலிருந்து கிளம்பிய வெளிச்சம் வழிக்கருப்பின்மேல் விழுந்துகொண்டே இருந்தது. இவர் இறங்கிப் போய்க் கையை நீட்டிப் பார்த்தாராம், கையில் வெளிச்சம் பட்டதாம், அது எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தில் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லையாம். சரி மேகம் இறங்கப்போகிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் நிறுத்தி சுவிட்சை அணைத்த அடுத்த நிமிஷம் வளைவில் டீக்கடை வைத்திருக்கிற செங்கமலத்திடமிருந்து போன், “அண்ணே, இங்க லைட் அணைஞ்சு போச்சு.” சுவிட்சைப் போட்டார். “ம், எரியுது. எரியட்டும், பஜ்ஜி போட வசதியா இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

இதை எனக்குச் சொன்னபோது இவர் குரலில் கவலையைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் பத்துப் பேர் வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் பெஞ்சு போட்டார்கள், அதற்கப்புறம் அந்த வெளிச்சம் அங்கே எப்போதும் இருந்தது போலவும் இத்தனை காலம் யாரோ அதை மறந்துபோய் அணைத்து வைத்திருந்தது போலவும் அவரவர் வேலையை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். கேரட் கழுவித் தரம் பிரிக்கிற பெண்கள் மேகம் இறங்கினால் வேலையை நிறுத்திவிடுவது வழக்கம், இப்போது மூட்டையோடு வளைவுக்கு வந்து வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே பிரித்தார்கள். வாலிபால் விளையாடுகிறவர்கள் நெட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து அங்கே நட்டார்கள், வெளிச்சம் முழங்கால் உயரத்தில் மட்டும் இருந்ததால் மேலே போன பந்து மேகத்துக்குள் மறைந்து கீழே வரும்போதுதான் தெரியும், அது இன்னும் சுவாரசியமாக இருக்கிறது என்றார்கள். கரண்ட் ஆபீஸ்காரர் ஒருவர் வந்து கம்பத்தையும் பார்த்து, கல்லுக்குப் பின்னாலும் பார்த்து, கொக்கி எதுவும் போடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று கொடைக்கானலுக்குப் போகிற வழியில் இறங்கி அந்த வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவர் ராயப்பன், எங்கள் ஆட்சியில் தெருவிளக்கு வந்தது என்று கிராமசபையில் பேசினார், யாரும் மறுக்கவில்லை.

சுவிட்ச் மட்டும் எங்கள் பிக்கப்பில் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். நாலு மணி ஆனால் போன் வரும், அண்ணே லைட் போடுங்க. ஆட்டம் முடிந்தால் போன் வரும், அண்ணே அணைச்சிருங்க. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று இவர் வண்டியை வாசலில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டுக் காவல் உட்கார்ந்திருப்பார், ஊர்க்காரர்கள் முறை வைத்து டீசல் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒரு சாவு விழுந்தபோது உடல் வருகிற வரைக்கும் எரியட்டும் என்று கேட்டார்கள், இவரும் எரியவிட்டார். வேண்டாம் என்று சொல்ல இவருக்குத் தெரியாது, அந்த ஒரு வார்த்தையை இவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“ஞாயித்துக்கெழமை லீவுதான, மத்தியானமே வந்து கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

“ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு புள்ள” என்றார்.

“நீங்க வெளையாடுறீங்களா?”

“இல்ல. லைட் போடணும்ல.”

நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் பாவம்.

அப்பாஸ் பாய் இரண்டாவது ஜோடி தேடிக் கொடுத்தார். அதையும் இவர், கடையில் கட்டிக் கொடுத்த புடவையைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோகிற மாதிரி அப்படியே கொண்டுபோய், வளைவில் எலுமிச்சம்பழம் நறுக்கி, வழிக்கருப்பு முன்னால் போட்டார். அதுவும் அங்கேயே நின்றுவிட்டது. இப்போது நான்கு பட்டை வெளிச்சம், டீக்கடைக்குள் வரைக்கும் அடித்தது. செங்கமலம் கடையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கட்டினாள்.

“ஒரு தடவ போச்சு, சரி. ரெண்டாந்தடவையும் ஏன் அங்க கொண்டு போய்ப் போட்டீங்க?” என்று கேட்டேன்.

“பின்ன எங்க போடுவாங்க?”

“வத்தலக்குண்டுல போடுங்க. ரோட்டுல போடுங்க. மார்க்கெட்டுல போடுங்க. அங்க மட்டும் போடாதீங்க.”

“சாமிக்குக் காட்டாம எப்படிப் போடுறது? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, காட்டாம போட்டான், அதான்னு ஊரே சொல்லும்.”

“இப்ப ஒண்ணும் ஆகலையா? பொண்டாட்டி கீழ கெடக்கறா, அது ஒண்ணும் இல்லையா?”

“அடுத்ததை விட்டுக் குடுத்துருவாரு புள்ள. எத்தனைதான் வச்சுக்குவாரு” என்றார். இந்த மனிதருக்கு மாட்டின்மேல் இருந்த நம்பிக்கைதான் சாமியின்மேலும் இருந்தது.

மூன்றாவது ஜோடி வந்த கதை தனி. எங்கள் கஷ்டத்தைப் பார்த்து ஊரே சேர்ந்து வாங்கித் தருகிறது என்று ராயப்பன் போனில் சொன்னபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, உங்களுக்கெல்லாம் நான் என்ன கைம்மாறு செய்வேன் என்றெல்லாம் பேசித் தொலைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, வாலிபால் கோர்ட்டின் அந்த முனைக்கு வெளிச்சம் எட்டவில்லையாம். மேளம் வைத்து, மாலை போட்டு, பிக்கப்பை ஊர்வலமாக வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போய், வண்டியை எந்தக் கோணத்தில் நிறுத்தினால் கோர்ட் முழுக்க அடிக்கும் என்று குனிந்து குனிந்து பார்த்து, கொஞ்சம் ரிவர்ஸ், கொஞ்சம் ஒடிங்க, போதும் போதும் என்று சரிபார்த்து, அப்புறம் சூடம் காட்டிப் போட வைத்தார்கள். இவரும் கும்பிட்டுப் போட்டார். அதன் வீடியோவை ராயப்பன் எனக்கே அனுப்பி வைத்தார், அதில் எல்லோரும் கை தட்டுகிறார்கள், இவர் மட்டும் சுவிட்சில் கை வைத்தபடி பம்பரைக் குனிந்து பார்க்கிறார், ஒருவேளை இந்தத் தடவையாவது வெளிச்சம் வண்டியோடு வருமோ என்று.

அந்த வாரம்தான் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை. என் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் காலி, கேட்டால் கிடைத்துவிடும் என்று ஆபீஸில் சொன்னார்கள். கிடைத்துவிட்டால் நான் உசிலம்பட்டி, அவர் பட்டியாம்பாறை, நடுவில் ஒரு மலையும் இரண்டு மாவட்டமும். கல்யாணம் ஆகி இரண்டாம் வருஷத்திலேயே தனிக்குடித்தனம் என்பதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கும்போலிருக்கிறது. போக எனக்கு ஆசை இல்லை. ஆனால் நாலு சுவருக்குள் ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, ஊருக்கு லைட் போடுகிறவரின் பெண்டாட்டி என்று பேர் வாங்கிக்கொண்டு கிடக்கவும் எனக்கு ஆசை இல்லை. அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன், வியாழக்கிழமைக்குள் எரிகிற லைட்டோடு வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் மலை, இல்லையென்றால் வெள்ளிக்கிழமை திண்டுக்கல் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அவர் சரி என்றார். கோபத்தில் இருக்கிறவளிடம் சரி என்று மட்டும் சொல்கிற ஆண்பிள்ளையை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டில் ஹாரன் கேட்டது. வெளியே வந்தால் பிக்கப் நிற்கிறது, பம்பரில் புது லைட், கண்ணாடியில் ஒட்டிய பேப்பரைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அந்த நேரத்துக்கு அவர் மலைமேல் இருக்க வேண்டும், வாசலில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த நேரத்தில் இவர் இங்கே நின்றால் இன்றைக்குத் திரும்பி ஏற முடியாது. அது தெரிந்ததும் சந்தோஷம் வருவதற்குப் பதில் இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் எனக்கு ஒரேயடியாக வந்துவிட்டது. கேட்டைத் திறந்துகொண்டு நேராகப் போய் வண்டிக்கு முன்னால், பம்பரை இடித்துக்கொண்டு நின்றேன்.

“இதையும் கொண்டு போய் அவருக்கே படைச்சிட்டு வர வேண்டியதுதான? இங்க எதுக்குக் கொண்டாந்தீங்க, எனக்குக் காட்டவா? ஊருக்கு லைட் பத்தலையாமா? இன்னும் எந்த மூலையில இருட்டா இருக்காம்?”

அவர் உள்ளே உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, “ஒச்சு, கொஞ்சம் அப்படியே நில்லு” என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழம் இல்லாமல், சூடம் இல்லாமல், ஃபாக் லைட்டைப் போட்டார்.

வெளிச்சம் என் முழங்காலிலிருந்து முகம் வரைக்கும் விழுந்தது. யூனிஃபார்ம் புடவையின் நீலம் பச்சையாகத் தெரிந்தது. அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். வண்டி போயிற்று, வெளிச்சம் என்மேலேயே இருந்தது. நான் ஒரு அடி நகர்ந்தேன், அதுவும் நகர்ந்தது. திரும்பி சுவரைப் பார்த்தேன், சுவர் மஞ்சளாயிற்று. பக்கத்து வீட்டு ஆடு சுவரோரம் எதையோ மென்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்தேன், அது மஞ்சளாகி, மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தது. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே அடித்தது. பம்பரில் இருந்த லைட் முன்னைப் போலவே கறுப்பாக இருந்தது.

“அணைங்க இதை” என்றேன்.

அணைத்தார், அணைந்தது. போட்டார், எரிந்தது.

“நாளைக்குக் கொழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கிட்டு இருக்கும்போது செங்கமலத்துக்கு பஜ்ஜி போடணும்னா நான் எரியணுமா?”

“எரிய வேணாம். வண்டிச் சாவிய நீ வச்சுக்க” என்றார். பிறகு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்று, வெளிச்சம் கண்ணில் பட்டுக் கூச, கையால் மறைத்துக்கொண்டு பேசினார். “மூணு ஜோடி அவருக்குக் குடுத்தாச்சு. ஊருக்கும் அது போதும். மேல ஏறாம இங்கயே போட்டேன்னு தெரிஞ்சா ஊர்ல கேப்பாங்க, கேக்கட்டும். வழியெல்லாம் எங்க போடுறதுன்னு யோசிச்சிட்டே வந்தேன், ஒண்ணும் தோணல. நீ வந்து முன்னால நின்ன.”

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன், எரிச்சல்தான் வந்தது, அதற்குள் கொஞ்சம் வேறு ஏதோ கலந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அடிவாரத்து வளைவுகளிலேயே மேகம் வந்துவிட்டது. நான் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தேன், வெளிச்சம் மேகத்துக்கு அடியில் புகுந்து ரோட்டைத் தடவிக்கொண்டு முன்னால் போயிற்று, ஓரத்துக் கல் தெரிந்தது, பள்ளம் தெரிந்தது, நான் பார்த்த பக்கம் எல்லாம் தெரிந்தது. “எடது பக்கம் பாரு, வளைவு வருது” என்பார், பார்ப்பேன். “ரொம்பத் தூரம் பாக்காத, கிட்டப் பாரு” என்பார், பார்ப்பேன். கண்ணைச் சிமிட்டினால் ரோடு சிமிட்டியது. ஒரு தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியதில் நான் இவர் சொன்னபடி ஒரு பக்கம் பார்த்தது அன்றைக்குத்தான்.

வழியில் ஓரங்கட்டி நின்றிருந்த வண்டிகள் எங்கள் வெளிச்சத்தைப் பார்த்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பின்னால் ஒட்டிக்கொண்டன. ஒரு பால் வண்டி, ஒரு லாரி, டூரிஸ்ட் வேன், இன்னும் எதெதுவோ. மலையில் அப்படித்தான், லைட் இருக்கிற வண்டி முன்னால் போகும், மற்றவர்கள் அதன் டெயில் லைட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், முன்வண்டி வழியில் நிற்கக் கூடாது, நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

அவர் போன் அடித்தது. ராயப்பன். நான் எடுத்தேன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் காதில் வைத்தேன்.

“தம்பி, இன்னைக்கு லைட் சீக்கிரமே போட்டுட்டீங்க, ரொம்ப நன்றி. ஒம்பது மணி வரைக்கும் இருக்கட்டும்.”

“தலைவரே, நான் ஒச்சம்மா பேசுறேன். நாங்க வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் எரியும். அப்புறம் அணைச்சிருவேன். இனிமே லைட் வேணும்னா எங்கிட்டக் கேளுங்க.”

“அப்ப மேட்ச்சு?” என்றார் ராயப்பன். நான் வைத்துவிட்டேன்.

பக்கத்தில் இவர் சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்க என்ன இருக்கிறது, இத்தனை நாள் என்னைக் கீழே போட்டுவிட்டு ஊருக்கு லைட் போட்டுக்கொண்டிருந்தவருக்கு சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது, நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

ரோடு இருண்டது. வெளிச்சம் முழுக்க அவர் முகத்தில் விழுந்தது. அவர் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார்.

அவர் சிரிக்கவில்லை. தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே குழி. முகத்தில் நாலைந்து நாள் தாடி, அதில் புதிதாகக் கொஞ்சம் நரை. உதடு பனியில் வெடித்து, வெடித்த இடத்தில் எதுவும் போடாமல் காய்ந்திருந்தது. தினமும் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்து ரத்தம் போதவில்லை, சாப்பாடு போதவில்லை, தூக்கம் போதவில்லை என்று சொல்கிற வேலை எனக்கு, இந்த முகத்தை மட்டும் இத்தனை நாள் போனிலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“சாப்பிட்டீங்களா?” என்றேன்.

“காலையில.”

“என்ன சாப்பிட்டீங்க?”

அவர் யோசித்தார். அவ்வளவு நேரம் யோசித்தால் சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

“நாளைக்கு நான் திண்டுக்கல் போகலை” என்றேன்.

கண் கூசினாலும் இந்தத் தடவை அவர் கையால் மறைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வழிந்தது, அது வெளிச்சத்தாலா என்று நான் கேட்கவில்லை. பின்னால் பால் வண்டி ஒரு ஹாரன் அடித்தது, அதைக் கேட்டு லாரி அடித்தது, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நின்ற வண்டிகள் எல்லாம் மேகத்துக்குள்ளிருந்து வரிசையாக அடிக்க ஆரம்பித்தன.

“முன்னால பாரு புள்ள” என்றார் மெதுவாக. “அத்தனை பேரு நிக்கறாங்க.”

“நிக்கட்டும்” என்றேன். நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.